பார்த்தவரின் சாட்சி: திரைப்பட விழாக்களும் திருச்சபைப் பணியாளரும்

முன்னுரை

திரைப்படத்தைப் பற்றி நம் திருச்சபைகளில் பேசப்படுவது மிகுதி. பார்த்துப் பேசப்படுவது குறைவு. இக்குறையைப் பிறரிடம் கண்டு நான் எழுதவில்லை. என்னிடமே கண்டு எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஞாயிறு அருளுரையொன்றில், அப்போது வெளிவந்திருந்த ஒரு தமிழ்ப் படத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்தேன். செய்தித்தாளில் படித்த சில வரிகளும், சபையார் ஒருவர் கூறிய செய்தியுமே எனக்கு ஆதாரம். அப்படத்தில் இருப்பதாக நான் கேள்விப்பட்ட ஒரு காட்சியை எடுத்துரைத்து, இத்தகைய படங்களில் உழைப்போரும் அப்பாவத்தில் பங்காளிகளே என்றும் சொன்னேன். ஆராதனை முடிந்தபின் ஆலய வாசலில் என் கையைப் பற்றிய ஓர் இளைஞர், "ஐயா, படத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அந்தப் படத்தின் தொகுப்பில் நான்கு மாதம் உதவியாளனாக வேலை செய்தேன். நீங்கள் சொன்ன காட்சி அதில் இல்லை, ஐயா" என்று மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனார். அடுத்த திருவிருந்து ஞாயிறன்று அவருடைய இடம் வெறுமையாயிருந்தது.

திரைப்பட விழாக்களுக்குச் செல்வதும், அங்குக் கண்ட படங்களைத் திறனாய்ந்து எழுதுவதும் அருட்பணியாளருக்குத் தகுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தகும் என்பதே என் முடிவு. ஆயின் அதற்கு நான் காட்டும் காரணம் கலையார்வம் அன்று. பத்துக் கட்டளைகளுள் ஒன்றே அதற்குக் காரணம்.

1. நம் மரபில் ஒலிக்கும் குரல்கள்

காட்சிகளைப் பற்றிய அச்சம் திருச்சபைக்குப் புதிதன்று. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில், கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் உரோமரின் நாடக அரங்குகளையும் விளையாட்டரங்குகளையும் கண்டித்துத் தனி நூலே எழுதினார். அவ்வரங்குகள் விக்கிரக வழிபாட்டோடு பிணைந்திருந்தன. மனிதர் கொல்லப்படுவதும் அங்கு வேடிக்கையாயிருந்தது. ஆகவே கிறிஸ்தவர் அவற்றிற்குச் செல்லலாகாது என அவர் வாதித்தார். ஆனால் அக்காட்சிகளின் தோற்றம், பெயர், சடங்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விளக்கிய பின்னரே அவர் அம்முடிவைக் கூறினார் என்பது கவனிக்கத்தக்கது.

நமக்கு இன்னும் நெருக்கமான குரல் ஜெர்மானியப் பக்தி இயக்கத்தினுடையது. நாடகம், நடனம், சீட்டாட்டம் முதலியவை தம்மில் நன்மையோ தீமையோ அற்ற இடைநிலைக் காரியங்களா என்பது குறித்து, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லுத்தரன் இறையியலாரிடையே பெரும் தர்க்கம் எழுந்தது. கிறிஸ்தவனுடைய வாழ்வில் இடைநிலை என்று ஒன்றில்லை என்பது பக்தி இயக்கத்தாரின் நிலை. அவ்வியக்கத்தின் நடுவிடமாகிய ஹாலேயோடு தொடர்புடைய சீகன்பால்கும் புளூட்சோவும் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். நம் ஒழுக்க உணர்வில் அவ்வியக்கத்தின் முத்திரை இன்றும் காணப்படுகிறது. கூத்து நடக்கும் திடலைக் கண்டு ஒதுங்கிய நம் முன்னோர், பின்னர் சினிமாக் கொட்டகையைக் கண்டும் ஒதுங்கியதில் வியப்பில்லை.

ஆயினும் அதே சீகன்பால்க், தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் விளக்கப் பட்டியல் ஒன்றை ஆயத்தம் செய்தார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய விரிவான நூலொன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை அகற்றச் சென்றவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று எண்ணிய தலைவர்கள் அதனை அச்சிட முன்வரவில்லை. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. சீகன்பால்க் தாம் விவரித்த நம்பிக்கைகளை ஏற்றவரல்லர். ஆனால் மறுக்குமுன் கேட்டார், படித்தார், எழுதிவைத்தார். நம் மரபில் ஒதுங்கி நின்றோரும் உளர், உற்று நோக்கினோரும் உளர் என்பதை இதனால் அறிகிறோம்.

திரைப்படம் தமிழகத்தில் பரவிய வரலாற்றின் தொடக்கத்திலும் கிறிஸ்தவருக்குப் பங்குண்டு. இரயில்வே ஊழியராயிருந்த கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகச் சென்று கூடாரமடித்துப் படம் காட்டினார். அவர் காட்டியவற்றுள் இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கையைச் சித்திரித்த மௌனப் படமும் ஒன்றாகும். இக்கலை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

2. திரைப்பட விழா என்பது யாது?

நாள்தோறும் படம் ஓடும் திரையரங்கும் திரைப்பட விழாவும் ஒன்றல்ல. விழாவில் சில நாள்களுக்குள் பல நாடுகளின் படங்கள் காட்டப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வருவதேயில்லை. படம் முடிந்தபின் இயக்குநரோ நடிகரோ மேடைக்கு வந்து பார்வையாளரின் வினாக்களுக்கு விடையளிப்பதும் உண்டு.

நம் நாட்டின் முதலாவது சர்வதேசத் திரைப்பட விழா 1952இல் பம்பாயில் தொடங்கிச் சென்னை உள்ளிட்ட பிற நகரங்களிலும் நடைபெற்றது. இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்' அவ்விழாவில் காட்டப்பட்டது. அவ்விழா 2004 முதல் கோவாவில் நடைபெற்று வருகிறது. கேரளத்தின் சர்வதேச விழா 1996இலும், சென்னைச் சர்வதேசத் திரைப்பட விழா 2003இலும் தொடங்கின. இவ்விரண்டும் பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில் வருகின்றன. அது திருவருகைக் காலமாதலால், கீதப் பவனிகளுக்கும் ஞாயிறுபள்ளி விழாக்களுக்கும் நடுவே ஆயர் ஒருவருக்கு ஒரு நாள் ஒழிவதே அரிது. அந்த ஒரு நாள் போதும் என்பது என் அனுபவம்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம், சான்றிதழ் விதிகளினின்று விலக்களிக்கும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு வழங்குகிறது. அவ்விலக்கைப் பெற்றே விழாப் படங்கள், பதிவு செய்துகொண்ட பிரதிநிதிகளுக்கு மட்டும், வெட்டப்படாமல் காட்டப்படுகின்றன. ஆகையால் இளைஞர் ஐக்கியத்தை மொத்தமாக அழைத்துச் செல்லுதல் முறையன்று. அது வயது வந்தோர்க்கான இடம்; அங்கு எதைப் பார்ப்பது என்பதைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பும் வயது வந்தோர்க்குரியதே.

3. திருச்சபைகளின் நடுவர் குழுக்கள்

அயல்நாட்டுத் திருச்சபைகள் இத்துறையில் நமக்கு முன்னே சென்றுள்ளன. சீர்திருத்தத் திருச்சபைகளின் முயற்சியால் 1955இல் 'இண்டர்ஃபிலிம்' என்னும் அமைப்பு உருவாயிற்று. கத்தோலிக்க அமைப்போடு அது கைகோத்ததன் பயனாக, 1973இல் சுவிட்சர்லாந்தின் லொக்கார்னோ விழாவிலும், 1974இல் பிரான்சின் கான் விழாவிலும் திருச்சபை ஐக்கிய நடுவர் குழுக்கள் இயங்கத் தொடங்கின. இக்குழுக்கள் தாமே ஒரு விழாவை நடத்துவதில்லை. உலகம் நடத்தும் விழாவுக்குச் சென்று, போட்டிப் படங்களைப் பார்த்து, கலைத் தரமும் நற்செய்தியோடு இயைந்த மானிட மதிப்பும் உள்ள படத்திற்கு விருதளிக்கின்றன.

அவ்விருதுப் பட்டியல் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கான் நகரில் 1974இல் விருது பெற்றது, அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கும் ஒரு முதிய விதவையைப் பற்றிய ஜெர்மானியப் படம். 2023இல் விருது பெற்ற 'பெர்ஃபெக்ட் டேஸ்', டோக்கியோவின் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவரின் நாள்களைக் காட்டுவது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இடைவெளியில், நடுவர்கள் மாறியும், துப்புரவுப் பணியாளர் இருவர்மீது அவர்களுடைய கண் தங்கியது. இவை 'பக்திப் படங்கள்' அல்ல; ஆனால் கடையராய் எண்ணப்படுவோரை நற்செய்தி எவ்விடத்தில் வைக்கிறதோ, அவ்விடத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை எனலாம்.

இக்குழு கண்டித்ததும் உண்டு. 2009இல் லார்ஸ் வான் ட்ரியரின் 'ஆன்டிகிரைஸ்ட்' பெண்ணினத்தை இழிவுபடுத்துகிறது எனக் கூறி, அதற்கு 'எதிர்விருது' ஒன்றை அறிவித்தது. விழாவின் கலை இயக்குநர் தியரி ஃபிரெமோ, அது தணிக்கையைக் கோருவதற்கு ஒப்பாகும் என வெளிப்படையாகக் கண்டித்தார். யார் சரி என்பதில் இன்றும் கருத்து வேறுபடலாம். ஆனால் அந்நடுவர்கள் படத்தை முழுவதும் பார்த்துவிட்டுக் காரணத்தோடு பேசினார்கள். ஆகவே அவர்களோடு வாதிட இயன்றது. பார்க்காமல் கண்டிப்பவரோடு வாதிடவும் இயலாது.

4. ஒன்பதாம் கட்டளையும் திறனாய்வும்

அயலானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி கூறலாகாது என்பது கட்டளை. லுத்தரன் வரிசையில் இது எட்டாவது. பிற சீர்திருத்தத் திருச்சபைகளின் வரிசையில் ஒன்பதாவது. அயலானைக் காட்டிக்கொடாமலும் புறங்கூறாமலும் இருப்பதோடு, அவன் செயலுக்கு நல்ல பொருள் கொள்ள முயலவேண்டும் என லுத்தர் தம் சிறு ஞானோபதேசத்தில் விரித்துரைக்கிறார். ஹைடல்பெர்க் வினாவிடையின் 112ஆம் விடை, எவரையும் விசாரியாமலும் அவசரப்பட்டும் குற்றவாளியென்று தீர்ப்போருடன் சேர்வதையே பாவமாக எண்ணுகிறது.

திரைப்படத்தைப் பொறுத்தமட்டில் இங்கு அயலான் யார்? படம் முடிந்து விளக்குகள் எரியும்போது திரையில் ஏறிச் செல்லும் பெயர்ப் பட்டியலை நாம் பொருட்படுத்துவதில்லை. இயக்குநர், ஒளிப்பதிவாளர் தொடங்கி, விளக்குத் தூக்குபவர், உணவு பரிமாறுபவர் வரை அதில் உளர். அவர்கள் ஒவ்வொருவரும் நம் அயலாரே. நான் பீடத்திலிருந்து பேசியபோது அப்பட்டியலில் ஒருவர் ஏழாம் வரிசையில் அமர்ந்திருந்தார்.

அப்படத்தைப் பின்னர் நானே சென்று பார்த்தேன். இளைஞர் சொன்னது உண்மை. படத்தில் வேறு குறைகள் இருந்தன. நான் கூறிய குறை இல்லை. அவர் வீட்டைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "பீடத்திலே சொன்னதை வீட்டிலே மாற்றினால் சபைக்கு எப்படித் தெரியும், ஐயா?" என்றார். அடுத்த ஞாயிறு, அருளுரைக்குமுன், சபையார் அனைவருக்கும் முன்பாக என் தவற்றை அறிக்கையிட்டேன். மூப்பர் சிலருக்கு அது விருப்பமில்லை. போதகர் தம் வார்த்தையைத் தாமே மீட்டுக்கொண்டால் பீடத்தின் மதிப்புக் குறையும் என்றனர். பீடத்தின் மதிப்பு அதிலிருந்து கூறப்படும் சாட்சியின் உண்மையில்தான் நிற்கிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அப்போஸ்தலனாகிய பவுல் அத்தேனே பட்டணத்தில் நடந்துகொண்ட விதம் இங்கு நமக்கு வழிகாட்டி (அப்போஸ்தலர் நடபடிகள் 17). அந்நகரின் விக்கிரகங்களைக் கண்டு அவருடைய ஆவி கொதித்தது என்பதை லூக்கா மறைக்கவில்லை. ஆயினும் மார்ஸ் மேடையில் பேசும்போது பவுல், தாம் அவர்களுடைய வழிபாட்டு இடங்களைச் சுற்றிப் பார்த்ததைக் கூறியே தொடங்குகிறார். அங்கு ஆளப்பட்டுள்ள கிரேக்க வினைச்சொல் மேலோட்டமான பார்வையைக் குறிப்பதன்று. மீண்டும் கவனித்து நோக்குவதைக் குறிப்பது. ஒரு பலிபீடத்தின் எழுத்துகளைப் படித்தறியும் அளவுக்கு அவர் அருகே சென்றிருக்கிறார். கொதிப்பு பார்வையைத் தடுக்கவில்லை. பார்வை நற்செய்தியை மழுங்கச் செய்யவுமில்லை.

5. ஓர் எடுத்துக்காட்டு

என்னை முதன்முதலாகத் திரைப்பட விழாவுக்கு அழைத்துச் சென்றவரும் அவ்விளைஞரே. அதன்பின் கண்ட விழாக்களுள் ஒன்றில், மேலே குறிப்பிட்ட 1974ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தேன். ஃபாஸ்பிண்டர் இயக்கிய அதன் பெயரைத் தமிழில் 'அச்சம் ஆன்மாவைத் தின்னும்' எனலாம். மூலத் தலைப்பு, வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவன் பேசும் இலக்கணப் பிழையுள்ள ஜெர்மன்.

மூனிக் நகரில் வாழும் எம்மி, அறுபதை ஒட்டிய விதவை. மழைக்கு ஒதுங்கிய மதுக்கடையில், மொராக்கோ நாட்டுத் தொழிலாளியான அலியைச் சந்திக்கிறாள். வயதிலும் நிறத்திலும் சமயத்திலும் வேறுபட்ட இருவரும் மணம் செய்துகொள்கின்றனர். மகன் சினத்தால் தொலைக்காட்சிப் பெட்டியை உதைத்து உடைக்கிறான். மளிகைக்கடைக்காரர் சாமான் தர மறுக்கிறார். உடன் வேலை செய்யும் பெண்கள் படிக்கட்டில் அமர்ந்து உண்ணும்போது எம்மியைத் தனித்துவிடுகின்றனர்.

கதையை இவ்வளவில் நிறுத்தினால், 'கலப்புமணத்தை ஆதரிக்கும் படம்' என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். கவனித்துப் பார்த்தவருக்கு அதற்குமேலும் உண்டு. சிறிது காலத்துக்குப்பின் எல்லாரும் எம்மியிடம் அன்பாய்த் திரும்புகின்றனர். கடைக்காரருக்கு வாடிக்கை வேண்டும்; அண்டை வீட்டாருக்குப் பொருள் வைக்க இடம் வேண்டும்; மகனுக்குக் குழந்தையைக் கவனிக்க ஆள் வேண்டும். மனந்திரும்புதல் இல்லை, தேவை மட்டுமே உண்டு. அப்போது வேலைக்கு யுகோஸ்லாவியாவிலிருந்து புதிதாக ஒரு பெண் வருகிறாள். தோழியர் அவளைத் தனித்துவிடும்போது எம்மியும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறாள். முன்பு எம்மி தனியே அமர்ந்திருந்ததைப் படிக்கட்டுக் கம்பிகளினூடே காட்டிய கேமரா, இப்போது புதியவளையும் அவ்வாறே காட்டுகிறது. வசனம் ஏதும் விளக்கவில்லை. சட்டத்தின் அமைப்பே தீர்ப்பைச் சொல்கிறது.

ஒரே பந்தியில் அமர்ந்தும் சாதியின் பேரால் பிரிந்து நிற்கும் நம் சபைகளுக்கு இதைவிடக் கூரிய வினா வேறெது? ஒதுக்கப்பட்டவர், ஏற்றுக்கொள்ளப்பட்டவுடன் ஒதுக்குவோராக மாறும் கொடுமையை, இயக்குநர் திருமறையைத் திறவாமலே காட்டிவிட்டார். 'கலப்புமணம்' என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டிலிருந்தே எழுதியிருந்தால், இப்படிக்கட்டை நான் கண்டிருக்கமாட்டேன்.

6. தவிர்க்கவேண்டிய பிழைகள்

நம்மவர் எழுதும் திறனாய்வுகளில் மூன்று பிழைகள் அடிக்கடி காணப்படுகின்றன. முதலாவது, பாவக் கணக்கு. எத்தனை முறை புகைத்தனர், எத்தனை முறை முத்தமிட்டனர் என்று எண்ணி முடிப்பது அது. தாவீதின் வரலாற்றை இம்முறையில் திறனாய்ந்தால் சாமுவேலின் இரண்டாம் ஆகமம் தேறாது. இரண்டாவது, உவமை பொறுக்குதல். அடுத்த ஞாயிறு அருளுரைக்கு ஒரு துணுக்குக் கிடைத்தால் போதும் என்று படத்தைச் சூறையாடுவது அது. மூன்றாவது, எங்கும் கிறிஸ்துவைத் திணித்தல். ஒருவன் கைவிரித்துச் சாய்ந்தால் சிலுவை, பன்னிருவர் பந்தியமர்ந்தால் திருவிருந்து என்று பார்த்தவுடன் முடிவுகட்டுவது அது.

மூன்றாவது பிழைக்கு எளிதில் இடமளிப்பது, கேப்ரியல் ஆக்சலின் டேனிய மொழிப் படமான 'பாபெத்தின் விருந்து' (1987). ஜட்லாந்துக் கடற்கரைக் கிராமத்தில், கண்டிப்பான பக்திக் குழுவொன்றை நிறுவிய போதகரின் இரு புதல்விகளிடம், பாரிசிலிருந்து தப்பிவந்த பாபெத் பணிப்பெண்ணாக இருக்கிறாள். அதிர்ஷ்டச் சீட்டில் கிடைத்த பத்தாயிரம் பிராங்கையும் செலவிட்டு, மறைந்த போதகரின் நூறாவது பிறந்தநாளுக்கு ஒரு விருந்து சமைக்கிறாள். தியாகமும் பந்தியும் இருப்பதால் 'இது திருவிருந்து' என்று எழுதிவிட்டு எழுந்துவிடத் தோன்றும். அவசரப்படாதவர் இன்னொன்றையும் காண்பார். அவ்விருந்து பாவத்திற்கு ஏதுவாகும் என அஞ்சிய விசுவாசிகள், 'உண்போம்; ஆனால் உணவைப்பற்றி ஒரு சொல்லும் பேசோம், சுவை அறியாதவர்போல் இருப்போம்' எனத் தமக்குள் உறுதி செய்துகொள்கின்றனர். விழா அரங்கில் கைகட்டி அமர்ந்திருந்த நான், அக்காட்சியில் என்னையே கண்டேன்.

7. நடைமுறைக் குறிப்புகள்

(அ) விழா அட்டவணையை முன்னரே படித்து, ஒரு நாளில் இரண்டு படங்களுக்குமேல் பாராதிருத்தல் நலம். நான்காவது படம் முதலாவதன் நினைவை அழித்துவிடும்.

(ஆ) தனியே செல்லாமல், இறையியல் மாணவர் ஒருவரையோ சபையார் ஒருவரையோ உடனழைத்துச் செல்க. திரைத்துறையில் பணிபுரியும் சபையார் இருப்பின் அவரையே அழைக்க. ஒருவர் காணத் தவறியதை மற்றவர் காண்பார். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்னும் திருமறை நெறி இங்கும் பொருந்தும்.

(இ) படம் பார்த்த இரவே தீர்ப்பு எழுதாதீர். கண்டவற்றை மட்டும் குறித்துவைத்து, மறுநாள் எழுதுக.

(ஈ) எழுதும்போது முதற்பகுதியில் படம் காட்டியதைக் கூறுக. அடுத்து அதை எவ்வாறு காட்டிற்று என்பதைக் கூறுக. மூன்றாவதாக, அது மனிதனைப் பற்றி என்ன சொல்கிறது எனக் கேட்க. இறையியல் சொல் கடைசியில் வரட்டும். புதிய படமாயின் முடிவை வெளிப்படுத்தாமல் விடுவதும் அயலானுக்குச் செய்யும் மரியாதையே.

(உ) கண்டிக்கவேண்டியதைக் கண்டிக்கத் தயங்கவேண்டா. எல்லாவற்றையும் சோதித்தறியும்படி தெசலோனிக்கேயருக்கு எழுதிய அப்போஸ்தலன், தீமையை விட்டு விலகும்படியும் அதனோடு சேர்த்தே எழுதினான். ஆனால் எந்தக் காட்சி, ஏன் என்று காட்டுக. அப்படத்தை எடுத்தவர் நம் கட்டுரையைப் படித்தால், 'ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் இவர் என் படத்தைப் பார்த்திருக்கிறார்' என்று சொல்லவேண்டும்.

முடிவுரை

திருவருகைக் காலம் விழித்திருத்தலின் காலம். விழித்திருப்பவன் கண்ணை மூடிக்கொண்டிருக்க இயலாது. நம்மைச் சுற்றியுள்ள மக்கள் எதைக் கண்டு அழுகின்றனர், எதைக் கண்டு நகைக்கின்றனர் என்பதை அறியாமல் அவர்களுக்கு ஆயராயிருப்பது எங்ஙனம்? ஒவ்வொரு போதகரும் விழாவுக்குப் போகவேண்டும் என்று நான் கூறவில்லை. போகாதவர் பேசாதிருக்கட்டும்; பேச விரும்புகிறவர் போய்ப் பார்க்கட்டும் என்றே கூறுகிறேன்.

அவ்விளைஞர் இன்று வேறொரு நகரத்தில் பணிபுரிகிறார். அங்கு ஏதேனும் ஒரு திருச்சபையில் திருவிருந்தில் பங்குபெறுகிறாரா என்பதை நான் அறியேன், கேட்கவும் துணியவில்லை. அவர் ஆலய வாசலில் நின்று கேட்ட வினா மட்டும் என்னை விட்டு நீங்கவில்லை. அதே வினாவை நம் சபைகளின் வாசலில் கேட்க இன்னும் பலர் நிற்கின்றனர். அவர்களுக்கு, "ஆம், பார்த்தேன், வாருங்கள், பேசுவோம்" என்று விடையளிக்க நம்மால் இயலவேண்டும்.